கிழக்குத் தொட்டித் தண்ணீர்

மாடுகளை விற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கிராசியானா பொழுது விடிந்ததும் காப்பியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பெட்ரோல் கேனைத் தூக்கிப் பிக்கப் வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு, கிழக்குத் தொட்டிக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டிலிருந்து தொட்டிக்குப் போகிற பாதை பள்ளத்தாக்கின் நடுவே சாம்பல் நிறத்தில் நெளிந்து போகும். இரண்டு பக்கமும் கிரியோசோட் செடிகள், ஒன்றின் வேரை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும். தண்ணீர் இல்லாத ஊரில் செடிகூட அண்டை வீட்டுக்காரனை அருகில் விடாது.

டிரை ஃபோர்க் என்று அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர். நெவாடா மாநிலத்தின் தெற்கு மூலையில் கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சர்க்கார் நிலம். வீடும் தொழுவமும் நிற்கிற துண்டு மட்டும் கிராசியானாவின் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் கிழக்குத் தொட்டியின் கிணற்றுத் தண்ணீரும் இவர்களுடையதுதான். அவள் புருஷன் பெல்லோவின் தாத்தா ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்தவர், அவர் கையால் தோண்டின கிணறு. நிலம் சர்க்காருக்கு, தண்ணீர் இவளுக்கு. அந்த ஊர்ச் சட்டம் அப்படி.

பெல்லோ ஒரு வசந்தகாலத்தில், கன்றுகளுக்குச் சூடு போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. ஒற்றைப் பொம்பளையாக மாடுகளைக் கட்டி மேய்க்க முடியாது. மகள் இனேஸ் ரெனோ நகரத்தில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், அவள் வந்து மாடு மேய்க்கப் போவதில்லை. கிராசியானா மாடுகளை ஏலத்துக்கு ஏற்றிவிட்டு, மேய்ச்சல் அனுமதியை நில ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸ்காரர்கள் வரைபடத்தில் பள்ளத்தாக்கில் இவர்கள் மாடு மேய்ந்த பாதிக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் ஆமைக்கு. அந்தப் பாலையில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற ஆமைகள் வரவரக் குறைந்துகொண்டே போயின.

மாடு இல்லாத தொட்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காடை குடிக்கிறது, கழுதை குடிக்கிறது, தேனீ குடிக்கிறது என்று சொல்லியிருப்பாள். அதுவும் பொய்யில்லை. காய்ந்த தொட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காற்றாடிக் கோபுரம். மேலே சக்கரம் ஒரு புயலில் பிய்ந்து போய்விட்டது, இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. கீழே ஒற்றை உருளை எஞ்சின். கயிற்றைச் சுற்றி இழுத்தால் இரண்டு தரம் தும்மும், மூன்றாம் தரம் திட்டினால்தான் ஓடும். பெல்ட்டை மாட்டி, பம்பு ஏறி இறங்கத் தொடங்கினதும் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு துருத்தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அது விழுகிற வரைக்கும் கிராசியானா தொட்டியின் பாசியை வழித்துப் போடுவாள். மிதவை சிக்கியிருந்தால் சரி பண்ணுவாள். எல்லாம் முடிந்து வண்டியின் பின் பலகையில் உட்கார்ந்து காப்பியைத் திறக்கும்போது, கோபுரத்தின் மேலிருந்து விசில் கேட்கும்.

பெல்லோவின் விசில் அது.

பெல்லோவுக்கு முன்பல் ஒன்று கிடையாது, ஒரு கிடாரி உதைத்ததில் போனது. அதனால் அவர் மாடுகளைத் தண்ணீருக்குக் கூப்பிடும்போது கீழே ஒரு இழை, மேலே ஒரு இழை என்று விசில் எழும்பும். நடுவில் அந்த ஓட்டைப் பல் வழியாக 'உஸ்' என்று காற்று கசியும். எத்தனை மேய்ப்பர்கள் எத்தனை விசில் அடித்தாலும் அந்த 'உஸ்' பெல்லோ ஒருவருக்குத்தான். கோபுரத்தில் கூடு கட்டியிருந்த அண்டங்காக்கைக்கு அவர் ரொட்டி ஓரமும் கொழுப்புத் துண்டும் எறிவது வழக்கம். அது வருடக்கணக்கில் அவரைக் கேட்டுக் கேட்டு, 'உஸ்' உட்பட அப்படியே பிடித்துக்கொண்டது.

அவரைப் புதைத்த மூன்றாம் வாரம் கிராசியானா முதல் தடவை அதைக் கேட்டாள். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "இந்தா வந்துட்டேன்," என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பிறகு அண்ணாந்து பார்த்தாள். கறுப்பாக ஒன்று தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இனேஸ் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிருப்பாள். மற்றபடி அந்தப் பள்ளத்தாக்கில் சொல்ல யார் இருந்தார்கள்? கார்வின் இருந்தான். மலையடிவாரத்து ஜிப்சம் சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க மலையை உடைக்கிற இடத்தில் வேலை, சனிக்கிழமை அதே மலையில் மோட்டார் சைக்கிளில் புழுதி கிளப்புவான், ஞாயிற்றுக்கிழமை காட்டாடுகளைக் காக்கிற சங்கத்து ஆட்களோடு மேலே ஏறி வளைகொம்பு ஆடுகளுக்குத் தண்ணீர் சுமப்பான். வாய் ஓயாதவன். வந்தால் சிரிக்க வைப்பான், போனால் வந்ததைவிட வெறிச்சென்று இருக்கும்.

டெல்மர் இருந்தான். நில ஆபீஸ்காரன். இருபது வருடமாக அதே பள்ளத்தாக்கு. ஆமைக்கு எவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு, சுரங்கத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து எல்லாரிடமும் வசவு வாங்குகிற உத்தியோகம். பெல்லோவும் அவனும் சண்டை போட்டுக்கொண்டே சிநேகமானவர்கள். சவப்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தவர்களில் அவனும் ஒருவன்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அவன் கிழக்குத் தொட்டிக்கு வந்தான். கிராசியானா இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டியும் காரத் தொத்திறைச்சியும் கொண்டுவந்திருந்தாள். பின் பலகையில் இடம் ஒதுக்கி, ஒரு கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுத்து, ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

"கருகினாப்ல இருக்கே," என்றான் டெல்மர்.

"கருகினது உனக்கு. நல்லது எனக்கு."

அவன் சிரித்துக்கொண்டே கடித்தான். காற்று இன்னும் சூடாகவில்லை. மண்ணில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் இருந்தன, இன்னும் ஒரு வாரம் தாங்கும். தின்று முடித்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"கிராசி, ஒண்ணு கேக்கணும்."

"தொப்பியைக் கழட்டினப்பவே நெனச்சேன்."

"இந்தத் தொட்டியைக் காய விடுவீங்களான்னு கேட்டு வரச் சொன்னாங்க. மேல."

"மேலன்னா யாரு? நீ இல்லையா?"

"நானுந்தான்."

கிராசியானா குடுவையின் மூடியைத் திருகி மூடினாள். "தண்ணி என்னுது, டெல்மர்."

"உங்களுதுதான். அதனாலதான் தொப்பியைக் கழட்டிட்டு உக்காந்திருக்கேன். இல்லேன்னா பூட்டைக் கொண்டாந்திருப்பேன்."

பிறகு அவன் விஷயத்தைச் சொன்னான். ஆமைக் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது ஒரு வால்நட் கொட்டை அளவுதான் இருக்கும். ஓடு விரல் நகம் மாதிரி வளையும். அது கெட்டிப்பட ஐந்தாறு வருடம் ஆகும். அது வரைக்கும் அண்டங்காக்கைக்கு அது கொட்டையை உடைத்துத் தின்கிற மாதிரி. முன்னெல்லாம் காக்கைகள் இந்தப் பக்கம் பறந்து போகும், தங்காது. தங்கிக் குஞ்சு பொரிக்கத் தண்ணீர் வேண்டும். இப்போது தண்ணீர் இருக்கிறது, கூடு கட்டக் கோபுரமும் இருக்கிறது. ஆடுகளுக்கு மலைமேல் மூடிபோட்ட தொட்டி இருக்கிறது, கழுதைகளுக்கு மேற்கே ஊற்று இருக்கிறது. இந்தத் தொட்டியை நம்பியிருப்பது காக்கைதான் என்றான்.

"நாப்பது வருஷமா மாட்டால ஆமை சாகுதுன்னு சொன்னீங்க. மாட்டை அனுப்பியாச்சு. இப்போ தண்ணியால சாகுது. அடுத்தாப்ல நான் மூச்சு விடுறதால சாகும்."

"அப்படிச் சொல்லல."

"சுரங்கத்து லாரி நசுக்கலையா? கார்வின் பயலோட கூட்டம் நசுக்கலையா?"

"நசுக்குதுதான். அவங்ககிட்டயும் போய் நிக்கிறேன். அங்க தொப்பியைக் கழட்டுறதில்ல, அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது மேலேயிருந்து விசில் வந்தது. கீழே ஒரு இழை, மேலே ஒரு இழை, நடுவில் 'உஸ்'.

டெல்மர் எழுந்து நின்றுவிட்டான். மேற்கே, பாதை வருகிற பக்கம், யாரோ வருவது போலத் திரும்பினான். கையிலிருந்த காப்பி பூட்ஸின்மேல் கொட்டியது அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கோபுரத்தைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்றான்.

"அவரு போனதிலேருந்து."

"அந்தப் பல்லு சத்தங்கூட அப்படியே..."

"ம்."

இரண்டு பேரும் பம்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெல்மர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணை மறைக்கிற மாதிரி முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நான் இன்னைக்கு இங்க வரல, கிராசி. வழியில டயர் பஞ்சர். வந்து சேர முடியல."

"திரும்ப அனுப்புவாங்களே."

"திரும்பவும் பஞ்சராகும். இந்த ரோடு அப்படித்தான்."

அவன் போன புழுதி அடங்கும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். இப்படி விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது? அவன் தூக்கிக்கொண்டு வந்த பாரத்தை இவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அன்று அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வண்டியிலிருந்து தென்னந்துடைப்பம் மாதிரியான ஒரு முரட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் அடிக்குப் போனாள். அங்கே எச்சமும் சுள்ளியும் முடியும் கிடக்கும். நடுவில் சின்னச் சின்ன ஓடுகள். கார்வின் ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தின்றுவிட்டுப் போட்ட வால்நட் ஓடு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பலமுறை பூட்ஸ் காலால் ஒதுக்கியும் விட்டிருக்கிறாள். இப்போது குனிந்து ஒன்றை எடுத்தாள். காற்றுப் போல இருந்தது. முதுகில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் கட்டம். நடுவில் ஒரு ஓட்டை. அலகு நுழைகிற அளவு.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் ஓட்டை. தொப்பியைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டே போனாள். தொப்பி நிறைந்த பிறகும் தரையில் கிடந்தது.

அப்போதும் அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் தொழுவத்துக் கூரையிலிருந்து பழைய தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்த் தொட்டியை மூடினாள். கழுதை மூக்கால் தள்ளிக் குடிக்கிற அளவுக்கு ஒரு ஓரத்தில் மட்டும் இடம் விட்டு, அங்கேயும் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். அரை நாள் வேலை. விரலைக் கிழித்துக்கொண்டாள். தள்ளி நின்று பார்த்தாள். பெரிய காக்கை இறங்கி வந்து தகரத்தின்மேல் நடந்தது, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு குழாய் மூட்டில் சொட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அலகை அண்ணாந்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குடித்தது. குடித்துவிட்டு அவளைப் பார்த்தது. கிராசியானா தகரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெல்லோ இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார், சம்பளத்துக்கும் எடுத்திருப்பார். சொட்டாதபடி குழாய் மூட்டை இறுக்கினாள். அது மறுநாள் சாக்கை இழுத்துக் கீழே போட்டது.

ஒரு வாரம் இப்படிப் போனது. அந்த வாரம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்திருக்க ஒரு போட்டி இருந்தது. கார்வின் வந்து தகரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பாஸ், தொட்டிக்கு வீடு கட்டுறீங்களா? வாடகைக்கு விடுறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க," என்று கேலி பண்ணினான். மே மாதக் கடைசி விடுமுறைக்குத் தன் கூட்டம் இங்கேதான் கூடாரம் போடும், குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். பார்க்கலாம் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் கொஞ்சம் பிந்திப் போனாள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் வண்டிச் சத்தம் முன்னே போகவில்லை. கதவைச் சாத்தாமல் இறங்கினவள், தகரத்தின்மேல் காக்கையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அதன் அலகில் எதுவோ இருந்தது. தகரத்தின்மேல் வைத்தது. கால்கள் ஆடின. காக்கை அதைப் புரட்டிப் போட்டது. புரண்டதும் அது கழுத்தை நீட்டி, நான்கு காலையும் காற்றில் நடத்தியது. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரி ஒழுங்காக, பதறாமல் நடத்தியது.

கிராசியானா ஓடினாள். அறுபது வயதுக் கால் அந்த மண்ணில் எவ்வளவு ஓடும்? காக்கை ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு தலையைத் தூக்கி, கோபுரத்தில் இருந்த தன் குஞ்சுகளைப் பார்த்து விசிலடித்தது. வாருங்கள், தண்ணீருக்கு வாருங்கள் என்று பெல்லோ மாடுகளைக் கூப்பிடுகிற அதே விசில். அந்த 'உஸ்' கூடத் தப்பவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கால்கள் நின்றிருந்தன.

அவள் அதைத் திட்டவில்லை. கல்லை எடுக்கவில்லை. அதற்குக் குஞ்சுகள் இருக்கின்றன, அது அதன் வேலையைப் பார்க்கிறது. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினது யார்? அவள் வண்டிக்குப் போய்ப் பெட்ரோல் கேனை இறக்காமல், கருவிப் பெட்டியை மட்டும் இறக்கினாள். தகரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்தாள். கையைத் தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, தொட்டியின் அடியில் இருந்த அடைப்பைத் தேடிப் பிடித்து முறுக்கினாள். பெல்லோவின் அப்பா முறுக்கி வைத்தது. அசையவில்லை. குறடு போட்டு, குறட்டின் கைப்பிடியில் குழாயைச் செருகி, மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டாள். அடைப்பு கழன்று வந்தது.

தண்ணீர் மண்ணில் இறங்கிப் பாம்பு மாதிரி நெளிந்து ஓடியது. கொஞ்ச தூரம்தான். பாலை மண் அதைக் கரையிலிருந்தே குடித்துவிட்டது. தேனீக்கள் ஈர மண்ணில் மொய்த்தன. எங்கிருந்தோ புறாக்கள் வந்து ஓரத்தில் இறங்கின, குடித்தன, போயின. அவள் தொட்டிக்குள் இறங்கி, பாசியைச் சுரண்டி, தேங்கினதைச் சாக்கால் ஒற்றியெடுத்தாள். பெல்ட்டைக் கழற்றி வண்டியில் போட்டாள். மேலே அது விசிலடித்தது. திரும்பவும் அடித்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்தாள்.

அன்று சாயங்காலம் டெல்மருக்குப் போன் பண்ணி, தொட்டி காய்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவன், "நான் கேக்கலையே, கிராசி," என்றான். "தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

காக்கைகள் உடனே போய்விடவில்லை. வண்டி போகிற திசை அவற்றுக்குத் தெரியுமே. பறக்கக் கற்ற குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டன. மின்கம்பத்தில் உட்கார்ந்தன, தொழுவத்துக் கூரையில் உட்கார்ந்தன. கிராசியானா கோழிகளின் தண்ணீர்ச் சட்டியை உள்ளே கொண்டுபோனாள். வெளிக்குழாயின் சொட்டுக்குப் புது வாஷர் போட்டாள். துணி துவைத்த தண்ணீர் விழுகிற பீப்பாயை மூடினாள். பெல்லோ நட்ட ஒரே பீச் மரத்தடிக் குழியை மூடி, அதற்குத் தண்ணீர் போகிற குழாயை மண்ணுக்குள் புதைத்தாள். தன் வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டு ஈரம் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே விசில் கேட்கும். அவள் அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்து, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை இனேஸ் போன் பண்ணினாள். வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னாள். பின்கட்டில் தனி அறை இருக்கிறது, தனி வாசல் இருக்கிறது, நீ யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்றாள். கிராசியானா பூண்டுச் சூப்பைக் கிண்டிக்கொண்டே ம் கொட்டினாள். பேச்சின் நடுவில் இனேஸ் நிறுத்தினாள்.

"அம்மா, வீட்டுல யாரு?"

"யாருமில்ல."

"விசில் கேட்டுச்சே."

"காக்கா."

இனேஸின் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக மாறியிருந்தது. "அப்பா மாதிரியே இருந்துச்சும்மா."

"அவருகிட்டதான் கத்துக்கிட்டுச்சு."

"போனைக் கொஞ்சம் வெளியே பிடிக்கிறியா?"

கிராசியானா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். நல்ல வெயில். கம்பத்தின் அடியில் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். காக்கை அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் காத்திருந்தாள். ரெனோவில் அவள் மகளும் காத்திருந்தாள். வெயில் மண்டையில் இறங்கியது. ஒரு கிண்ணம் தண்ணீரைக் காட்டினால் அது விசிலடித்துவிடும், அவளுக்குத் தெரியும். சமையலறை பத்தடி தூரத்தில் இருந்தது.

கை வலித்ததும் கையை மாற்றிக்கொண்டாள். காக்கை இறக்கையை உதறி, ஒரு சத்தமும் போடாமல், மேற்கே பார்த்துப் பறந்தது. மற்றவையும் பின்னால் போயின.

"போயிடுச்சாம்மா?" என்று போன் கேட்டது.

"போயிடுச்சு."

"சரி, விடு. நீ சாப்பிடு," என்றாள் இனேஸ்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவை வரவில்லை. வரவில்லை என்பதே அவளுக்கு ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் காலை நேரம் பெரிதாகிவிட்டது. எழுந்தால் போகிறதற்கு இடம் இல்லை. விடுமுறைக்கு வந்த கார்வின் கூட்டம் காய்ந்த தொட்டியைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு ஊற்றுப்பக்கம் கூடாரத்தை மாற்றிக்கொண்டது. கார்வின் மட்டும் வந்து, "பாஸ், ஆமைக்காகவா? ஆமை வந்து உங்களுக்கு ஓட்டா போடப்போகுது?" என்றான். காரணத்தைச் சொன்னாள், விசிலைத் தவிர. அவன் அன்றைக்கு அதற்குமேல் கேலி பண்ணவில்லை.

கோடை அப்படியே போனது. ஆகஸ்டில் இரண்டு தரம் மேகம் கூடி, ஒரு தரம் மழை பெய்தது. கிரியோசோட் வாசனை பள்ளத்தாக்கு முழுக்கப் பரவி நின்றது. மகளுடைய அறையைப் பற்றி கிராசியானா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல், எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வரலாம் என்று கிழக்குத் தொட்டிக்குப் போனாள். சும்மா துருப்பிடிக்க விடுவானேன்? போல்ட்டுகள் மண்ணும் எண்ணெயும் கட்டிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு, ஊற வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோபுரம் மொட்டையாக நின்றது. கூட்டை ஆபீஸ்காரர்கள் வந்து பிரித்துப் போட்டுவிட்டார்கள். எஞ்சின் கழன்று வந்தது, ஆனால் தனியாளாகத் தூக்க முடியவில்லை. சரி, கார்வினை நாளைக்கு வரச் சொல்வோம் என்று கருவிகளைப் பெட்டியில் போட்டு, வண்டிக் கதவைத் திறந்தாள். ஏறுமுன் குனிந்து அடியில் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினவர்கள் எல்லாரும் கிளப்புமுன் அப்படிப் பார்ப்பார்கள். நிழல் தேடி எதுவும் வந்து படுத்திருக்கும்.

முன் சக்கரத்தை ஒட்டி ஒரு ஆமை இருந்தது.

சின்னது. ஓடு கெட்டிப்பட்டும் படாத வயது. மழையில் முளைத்த புல்லைத் தின்ற பச்சை, வாயோரத்தில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்துத் தலையைப் பாதி இழுத்துக்கொண்டது, பிறகு மெதுவாக நீட்டியது. சக்கரத்தை ஒரு அங்குலம் நகர்த்தினாலும் அது இருக்காது. கையால் தூக்கி வைக்கவும் கூடாது. பயந்தால் அது உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் ஒரேயடியாக விட்டுவிடும். அடுத்த மழை எப்போதோ, அதுவரைக்கும் அது தாங்காது.

கிராசியானா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வண்டிக்கு மறுபக்கம், வெயில் படுகிற பக்கம், மண்ணில் உட்கார்ந்தாள். அதுவாகப் போகட்டும். குடுவையில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நிழல் நீண்டு கிழக்கே போனது. மலை முதலில் சிவந்து, பிறகு நீலமானது. வெயில் தணிந்ததும் கிளம்பிவிடும் என்று நினைத்தாள். அது முன்னங்காலால் சக்கரத்தின் அடியில் மண்ணைப் பறித்து, உடம்பைப் பாதி செருகிக்கொண்டு, அங்கேயே இராத்தங்கலுக்குத் தயாராகிவிட்டது.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். சாவியைப் பையில் போட்டாள். தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த பாதையில் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

பாதி வழி வந்திருப்பாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே ஆபீஸ் வண்டி வந்து நின்றது. டெல்மர் கண்ணாடியை இறக்கி, அவளையும், அவள் பின்னால் வெறுமையாகக் கிடந்த பாதையையும் பார்த்தான்.

"வண்டி என்னாச்சு? நின்னுபோச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. அடியில ஆளு இருக்கு."

டெல்மர் இந்தப் பக்கம் சாய்ந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, பூட்ஸ் மண்ணை வெளியே தட்டி, கதவைச் சாத்தினாள். அவன் வண்டியைத் திருப்பி, கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டான்.

"பெருசா, சிறுசா?"

கிராசியானா உள்ளங்கையை விரித்து அவனுக்குக் காட்டினாள். பிறகு, அவ்வளவு இல்லை என்று தோன்றி, விரல்களைக் கொஞ்சம் மடக்கினாள்.